உணர்ச்சிகளின் நரம்பியலில் பி.எச்டி.: மூன்று லட்சம் கட்டலாமா?

மதுரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 27. எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு ஒரு பள்ளியில் ஆலோசகராக இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடையும் பேச்சும் ஓரளவு தேறிவிட்டன. ஆனால் யாராவது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால்கூடத் தேம்பித் தேம்பி அழுகிறார். ஒருமுறை துக்க வீட்டில் சிரித்துவிட்டார். கேட்டால் "மனசுல ஒண்ணும் இல்லம்மா, அதுவா வருது" என்கிறாராம். மனதில் இல்லாத அழுகை எங்கிருந்து வருகிறது என்று மூளையை ஸ்கேன் செய்து கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகவே பி.எச்டி. சேர வேண்டும் என்பது அவர் ஆசை.

தடைகளையும் எழுதியிருக்கிறார். பிளஸ் டூவில் கணக்குப் பாடம் கிடையாது. எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களுக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று கல்லூரியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பலருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. இதற்கு நடுவே ஒரு கன்சல்டன்சி, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் 'நியூரோசைக்காலஜி' பி.எச்டி. வாங்கித் தருவதாகச் சொல்கிறது. முழுக்க ஆன்லைன், இரண்டே வருடம், மூன்று லட்சம் ரூபாய், ஆய்வுக் கட்டுரை வெளியிடும் செலவும் அதில் அடக்கம். பட்டம் வாங்கியதும் நோயாளிகளுக்குச் சிகிச்சையும் தரலாம் என்று நம்புகிறார். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். இந்த வருடமே முடிவெடுக்க வேண்டுமாம்.

முதலில் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுவோம். அவருக்கு இருப்பதை நரம்பியல் மருத்துவரிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. மனதில் துக்கமோ மகிழ்ச்சியோ இல்லாமல், அல்லது இருப்பதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில், அழுகையோ சிரிப்போ பீறிட்டு வருவதைப் பக்கவாதத்துக்குப் பிறகு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். லண்டன் நரம்பியலாளர் கின்னியர் வில்சன் 1924-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இதற்கு மருந்து உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இதையும் குறைக்கின்றன. இதற்கென்றே ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் 2010-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு உண்மையான மனச்சோர்வு வருவதும் சகஜம், இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியது மருத்துவர். உங்கள் பி.எச்டி. முடிய இன்னும் ஆறேழு வருடம் ஆகும், அப்பா அதுவரை அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே அழைத்துப் போங்கள். அவர் அழுத இரண்டு மூன்று சமயங்களை, அவர் சம்மதித்தால், செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். நிறைய விளக்க வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, நினைத்திருக்கும் விடை அல்ல

"பயத்தை உண்டாக்குவது அமிக்டலா என்று தெரியும், அழுகைக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். (அமிக்டலா என்பது மூளையின் உள்ளே இரண்டு பக்கமும் இருக்கும் ஒரு சிறு பகுதி.) பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கும், உங்கள் தப்பில்லை. நேர்காணலில் இதையே சொன்னால்தான் சிக்கல்.

எஸ்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு அமெரிக்கப் பெண்மணி இருக்கிறார். அரிதான நோய் ஒன்றால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோனவர். பாம்பைக் காட்டினாலும் பேய்ப்படம் போட்டாலும் அவருக்குப் பயம் வராது. பாடப்புத்தகக் கதை வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும். 2013-ல் வெளியான ஆய்வில் அவரையும், அதே பாதிப்புள்ள வேறு இருவரையும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். மூவருக்குமே கடுமையான பீதி வந்தது. அமிக்டலா இல்லாமலும் பயம் வரும் என்றால் அதைப் 'பயத்தின் இடம்' என்று சொல்ல முடியாது. போதாததற்கு அமிக்டலா புதிய முகத்துக்கும் வேலை செய்கிறது, பிடித்த உணவுக்கும் வேலை செய்கிறது. ஸ்கேன் படத்தில் பயந்தவரின் அமிக்டலா ஒளிர்ந்தது என்பதால், அமிக்டலா ஒளிர்ந்தவர் எல்லாம் பயந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து மனதைப் படிக்கும் இந்தத் தலைகீழ்த் தர்க்கத்தை 2006-ல் அமெரிக்க மூளை ஆய்வாளர் ரஸ்ஸல் போல்ட்ராக் விளக்கமாக எழுதிக் கண்டித்தார். அதற்குப் பிறகும் அந்தத் தவறு நின்றபாடில்லை.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். அவர் சொல்வதுபடி மனதில் துக்கம் இல்லை, ஆனால் உணர்வின் வெளிப்பாடு இருக்கிறது. உணர்வதும் காட்டுவதும் மூளையில் ஓரளவாவது தனித்தனி ஏற்பாடுகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். அழுகையை எப்போது எந்த அளவில் வெளியே விடுவது என்று கட்டுப்படுத்தும் பாதைகள் மூளையின் மேற்பகுதியிலிருந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் போகின்றன. அவை அறுபடும்போது இது நடக்கிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது ஒரு இடத்தை அல்ல, இடங்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளை.

அடுத்து கருவி. மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் ஸ்கேனான எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. அவை வேலை செய்ததும் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுவதை, ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் மாற்றத்தை வைத்து அளக்கிறது. அந்த மாற்றம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு வினாடி ஆகும். உங்கள் கேள்விக்கு இதில் இரண்டு இடைஞ்சல்கள். பக்கவாதம் வந்தவரின் ரத்த ஓட்டமே மாறியிருக்கும் என்பதால் அளவு பிசகும். தேம்பி அழுபவரின் தலை அசையாமல் இருக்காது, இரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கெட்டுவிடும். அழுகையை ஆராய்வதற்கு அழுபவரை ஸ்கேனருக்குள் வைப்பதுதான் வழி என்று நினைத்துக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

வேறு வழி இருக்கிறது. பக்கவாதம் வந்த பலருடைய சாதாரண எம்.ஆர்.ஐ. படங்களில் பாதிப்பு எங்கெங்கே என்று குறித்து, யாருக்கு இந்தக் கட்டற்ற அழுகை வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிடலாம். நரம்பிழைப் பாதைகளைக் காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு வேண்டிய படங்களில் பெரும்பகுதி மருத்துவமனைகளில் சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்தவை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளிகளின் ஒப்புதலும் வேண்டும், அது ஒழுங்காக நடக்கும் இடமாகவும் இருக்க வேண்டும். ஆக உங்கள் கேள்விக்கு ஏற்ற இடம் பளபளக்கும் ஸ்கேனர் இருக்கும் இடம் அல்ல. பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் நரம்பியல் துறையும், படத்தைப் பகுக்கத் தெரிந்த ஆய்வாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். அப்படிப்பட்ட இடங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன, அமெரிக்கா போயே தீர வேண்டும் என்றில்லை.

கணக்கு வராதே?

எம்.பி.பி.எஸ். வேண்டாம். இந்தத் துறையின் முக்கியமான ஆய்வாளர்களில் பலர் உளவியல், இயற்பியல், கணினி அறிவியல் படித்தவர்கள். ஆனால் புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் தெரியாமல் இங்கே ஒருநாளும் தப்பிக்க முடியாது. ஏன் என்பதற்குத் துறைக்குள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. 2009-ல் க்ரெய்க் பென்னெட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் நண்பர்களும் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று அந்த மீனிடம் கேட்டார்கள். வழக்கமாகச் செய்துவந்த கணக்கைப் போட்டதும் மீனின் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது! ஒரு ஸ்கேனில் லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் பல கட்டங்கள் தற்செயலாக ஒளிரத்தான் செய்யும். அதற்கான திருத்தத்தைச் செய்ததும் மீன் செத்த மீனாகிவிட்டது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2012-ல் இந்த வேலைக்குக் கிடைத்தது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். 2020-ல் ஒரே தரவை 70 குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, ஒன்பது கேள்விகளுக்கு விடை கேட்டார்கள். பல கேள்விகளுக்குக் குழுவுக்குக் குழு விடை மாறியது. நீங்கள் சேரப்போவது இப்படித் தன்னையே சோதித்துக்கொண்டிருக்கும் துறை. அதனால் ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எத்தனை பேரை வைத்து ஆய்வு செய்கிறார், தரவையும் நிரலையும் பொதுவில் வைக்கிறாரா என்று பாருங்கள். இருபது பேரை ஸ்கேன் செய்து "பதற்றமான சுபாவம் உள்ளவர்களின் மூளை" என்று கட்டுரை போடுகிறவரிடம் போகாதீர்கள். சுபாவ வித்தியாசங்களை மூளை வித்தியாசங்களோடு பொருத்த ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று 2022-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிளஸ் டூ கணக்கு இல்லாதது பெரிய குறையில்லை. உங்களுக்கு வேண்டியது நேர்கோட்டுப் பின்னடைவு (லீனியர் ரெக்ரஷன்), மீன் கதையில் பார்த்த பன்முறைச் சோதனைத் திருத்தம், கொஞ்சம் மேட்ரிக்ஸ் கணக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் ஒரு வருடம் உட்கார்ந்தால் வரும். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, மூளைப் படங்களைப் பகுக்கும் நைலேர்ன் என்ற இலவசத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். பயிற்சிக்கான சிறிய தரவுகளை அதுவே இறக்கித் தரும், சாதாரண லேப்டாப் போதும். அப்புறம் ஓப்பன்நியூரோ தளத்துக்குப் போங்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் பகிர்ந்த மூளைப் படங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. வெளியான கட்டுரை ஒன்றின் தரவை எடுத்து, அதிலுள்ள ஒரே ஒரு படத்தை நீங்களே திரும்பப் போட்டுப் பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி, நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் உங்கள் நிரலோடு வையுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட அது உங்களுக்காக அதிகம் பேசும்.

எங்கே விண்ணப்பிக்கலாம்

உங்கள் கேள்விக்கு முதலில் பார்க்க வேண்டியவை பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் திருவனந்தபுரத்திலுள்ள மருத்துவ ஆய்வு நிறுவனமான ஸ்ரீ சித்ராவும். இரண்டிலும் நோயாளிகளும் உண்டு, ஸ்கேனரும் உண்டு, முனைவர் படிப்பும் உண்டு. ஹரியானா மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உளவியல் முதுகலைப் பட்டத்தையும் ஏற்கிறது. உணர்ச்சி, கவனம், நினைவு என்று ஆரோக்கியமானவர்களிடம் ஆராய விரும்பினால் ஐ.ஐ.டி. கான்பூர், ஐ.ஐ.டி. காந்திநகர், ஐ.ஐ.ஐ.டி. ஹைதராபாத், ஹைதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவாற்றல் அறிவியல் துறைகளைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் பெரிய சாதனை செய்திருக்கிறது, ஆனால் அது மூளைத் திசுவைச் சீவி நுண்ணோக்கியில் வரைபடமாக்கும் வேலை. உங்களுடையது வேறு. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கே போக வேண்டாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் தேர்வை உளவியலில் எழுதுங்கள். 2024 முதல் அதன் மதிப்பெண் பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு, எனவே "வயசாயிடுச்சு" என்ற கவலையை விடுங்கள். கேட் (GATE) தேர்விலும் மனிதவியல், சமூக அறிவியல் தாளில் உளவியல் ஒரு பிரிவாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் இதற்கெல்லாம் முன்பு ஒரு காரியம் செய்வேன். மேலே சொன்ன இடங்களில் ஆய்வுத் திட்ட உதவியாளர் வேலைக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். சம்பளம் குறைவு, ஒப்பந்த வேலை. ஆனால் ஒரு வருடம் நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கி, ஸ்கேனுக்கு முன்பு உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, தரவை ஒழுங்குபடுத்திப் பழகினால், இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் பரிந்துரைக் கடிதம் தருவார். வெளிநாட்டு விண்ணப்பத்தில் அதற்கு இருக்கும் எடை வேறு எதற்கும் இல்லை.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் முனைவர் மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். அங்குள்ள மூளை ஆராய்ச்சி நிறுவனங்களில் லைப்ஸிக்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் நைமேகனிலுள்ள டோண்டர்ஸ் நிறுவனமும் உங்களுக்குப் பொருத்தமானவை. உணர்ச்சிகளுக்கென்றே ஒரு மையம் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி ஆய்வு வலையமைப்புகளில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் இடம் கிடைப்பதைவிட நிதி கிடைப்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் ஐந்தாறு வருடம், கல்விக் கட்டணம் இல்லாமல் உதவித்தொகையோடு படிக்கலாம், டிசம்பரில் விண்ணப்பம். ஆனால் 2025-ல் அரசு நிதி தடுமாறியதில் பல பல்கலைக்கழகங்கள் இடங்களைக் குறைத்தன. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஏன் பதில் வரவில்லை

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை இணைத்திருந்தீர்கள், நல்லதாயிற்று. ஒன்றரைப் பக்கம். "மரியாதைக்குரிய ஐயா" என்று தொடங்குகிறது, அதை வாங்கியவர்களில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் ஆர்வம், விடாமுயற்சி, பள்ளிக்கூடப் பரிசுகள் எல்லாம் இருக்கின்றன, அவருடைய ஆய்வு பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பாவின் கதை கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கடிதம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

ஐந்தே பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். பிறகு பத்து வரி எழுதுங்கள்: நான் இன்னார், உங்கள் இந்தக் கட்டுரையில் இந்த முடிவு இன்ன நோயாளிகளுக்கும் பொருந்துமா என்று யோசிக்கிறேன், நான் செய்து பார்த்த பகுப்பாய்வு இங்கே இருக்கிறது, அடுத்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்கிறீர்களா? அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். பதில் வந்தால் அவருடைய இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, நோயாளிகளைச் சேர்க்க முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி உங்கள் தலைப்புக்கு மிக முக்கியம்.

சிகிச்சை, கல்யாணம், மூன்று லட்சம்

நரம்பியலில் பி.எச்டி. வாங்கினால் சிகிச்சை தரும் உரிமை வராது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய, இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். அது தனிப் பாதை. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் அந்தப் பயிற்சி, பிறகு ஆராய்ச்சி என்று போகலாம், வருடங்கள் கூடும். எது உங்களை அதிகம் இழுக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தைப் படித்தவரை எனக்கு ஆராய்ச்சி என்றுதான் படுகிறது.

கல்யாணத்தில் நான் தலையிட முடியாது. ஆனால் வீட்டில் "இன்னும் படிக்கப் போறா" என்று சொல்லாமல் "மாசம் 37,000 வரும், வீட்டு வாடகைக்கும் தருவாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சின் தொனியே மாறும். வரன் வீட்டாரிடமும் ஊர் மாற வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பெண்களுக்கு ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும், மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஜே.ஆர்.எஃப். பெற்றுச் சேர்ந்தாலும் இந்த உரிமை மாறாது.

கடைசியாக அந்தக் கன்சல்டன்சி. அதே 2022 விதிகள் பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் என்கின்றன, தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டு என்று சொல்லி விற்கப்படும் ஆன்லைன் பி.எச்டி.களை நம்ப வேண்டாம் என்று யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன. கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் என்ற கட்டாயத்தையும் அந்த விதிகள் எடுத்துவிட்டன, எனவே அவர்கள் விற்கும் 'பப்ளிகேஷன் பேக்கேஜ்' உங்களுக்குத் தேவையே இல்லை. அப்படிக் காசு கொடுத்துப் போட்ட கட்டுரை பிறகு உண்மையான ஆய்வகத்தில் விண்ணப்பிக்கும்போது உங்களுக்கே எதிராக நிற்கும். முன்பணமாக 25,000 கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் இன்றே எழுதுங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் புகார் கொடுக்கலாம். 'சரிபார்க்க' என்று அசல் சான்றிதழ்களைக் கேட்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொடுக்காதீர்கள். உண்மையான பல்கலைக்கழகமே அசலைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு. ஒரு தரகருக்கு அதைக் கேட்க எந்த உரிமையும் கிடையாது.